பள்ளிப் பரிசோதனைகளும் பொதுப்பணமும்: எமது நிலைப்பாடு

2023-24ஆம் கல்வியாண்டில் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு ஒருசேர மாறியபோது, அதனால் பிள்ளைகளின் கல்வி உயர்ந்ததா தாழ்ந்ததா என்று ஒப்பிட்டுச் சொல்வதற்கு மாறாத அரசுப் பள்ளிகள் நம் பிரதேசத்தில் விட்டுவைக்கப்படவில்லை என்பதை, அம்மாற்றத்தை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் அங்கம் வகிக்கும் உழவர்கரைப் பெற்றோர், ஆசிரியர்களாகிய நாங்கள் நினைவூட்ட விரும்புகிறோம். இனி எந்தப் போதனாமுறை புகுந்தாலும், எந்தப் பள்ளிக்கு முதலாண்டு, எந்தப் பள்ளிக்கு மறு ஆண்டு என்பதைப் பகிரங்கமாகச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். குலுக்கல் அநீதி என்போர் எம்முள்ளும் உண்டு. ஆனால் முதலாண்டுப் பணம் எல்லாப் பள்ளிக்கும் போதுவதில்லையாதலால், சிபாரிசைவிடச் சீட்டு நியாயமானது என்பதே பெரும்பான்மையோர் அபிப்பிராயம்.

இத்தகைய ஒப்பீட்டுப் பரிசோதனையின் செலவைப் பற்றிய அச்சம் மிகையானது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால், பானைகள் பலவாயிருக்கும்போது ஒரே பானையில் நாற்பது பருக்கையைப் பதம் பார்ப்பதில் என்ன பிரயோஜனம்? மதிப்பெண் வேறுபாட்டில் ஐந்திலொரு பங்கு பள்ளிக்குப் பள்ளி உள்ள வித்தியாசத்தால் விளைவதென்று கொண்டால், 10 பள்ளிகளில் நாற்பது நாற்பதாகச் சோதிக்கப்படும் 400 பிள்ளைகள், ஊர் முழுவதிலுமிருந்து தனித்தனியே பொறுக்கிய ஏறத்தாழ 45 பேர் தரும் தகவலுக்கே சமம். அதே 400 பேரை 40 பள்ளிகளிலிருந்து பத்துப் பத்தாக எடுத்தாலோ ஏறத்தாழ 143 பேர் தரும் தகவலுக்குச் சமம். சென்ற ஆண்டு மதிப்பெண்களையும் கணக்கில் சேர்த்தால் முடிவு இன்னும் துல்லியமாகும். அவை பதிவேட்டிலேயே இருப்பதால் காசு செலவில்லை.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. 2001இல் குஜராத்தின் வடோதராவில் பிரதம் என்னும் கல்வித் தொண்டு அமைப்பு, பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியே பாடம் சொல்ல 'பால்சகி' என்னும் உள்ளூர் இளம்பெண்களை நியமித்தபோது, பள்ளிகளில் ஒரு பாதிக்கு மூன்றாம் வகுப்பிலும் மறுபாதிக்கு நான்காம் வகுப்பிலும் அவர்களைக் கொடுத்து, மறு ஆண்டு வகுப்பை மாற்றியமைத்தது. ஒவ்வொரு பள்ளியும் உதவி பெற்றது. ஒவ்வொரு பள்ளியும் ஒப்பீட்டுக்கும் உதவியது. பொருளியலாளர்கள் பானர்ஜி, டுஃப்லோ முதலியோர் ஆராய்ந்த அந்த ஏற்பாடு, பள்ளிகள் சொற்பமாயுள்ள நம் பிரதேசத்துக்கு மிகவும் பொருந்துவது.

எனினும், தேடும் வித்தியாசம் பாதியாகக் குறைந்தால் வேண்டிய பள்ளிகள் நான்கு மடங்காகும். ஆகவே எவ்வளவு முன்னேற்றத்தைக் கண்டறிய எத்தனை பள்ளிகள் எடுக்கப்படுகின்றன என்பதைத் தொடங்குமுன்பே கல்வித்துறை வெளியிட வேண்டும். அவ்வளவு பள்ளிகள் காரைக்காலையும் சேர்த்தும் தேறாவிட்டால், அண்டையிலுள்ள கடலூர், விழுப்புரம் மாவட்டங்களைத் தமிழ்நாட்டு அரசின் இசைவோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கும் வழியில்லையெனில், விடை தராத அப்பரிசோதனைக்குப் பொதுப்பணத்திலிருந்து ஒரு ரூபாயும் ஒதுக்கலாகாது.