கைப்பேசிப் பயிற்சியாளர்: சில சிந்தனைகள்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் மொழி. உடல் என்னும் சுவரைப் பேணாது கல்வி என்னும் சித்திரத்தை மட்டும் தீட்ட முற்படும் காலமாக நம் காலம் அமைந்துவிட்டது. காலையில் பேருந்து, பகலில் வகுப்பறை, மாலையில் தனிப்பயிற்சி, இரவில் கைப்பேசி என்று உட்கார்ந்தே கழிகின்றன நம் மாணவர்களின் நாள்கள். ஆசிரியர்களாகிய நம் நிலையும் அதனின் வேறன்று.

உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகளின்படி, வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கத்தையோ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடலியக்கத்தையோ மேற்கொள்ள வேண்டும். தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளுக்கென 2 நாள்களாவது ஒதுக்க வேண்டும். 65 வயதை எட்டியோர் தடுமாறி விழாதிருக்கும் பொருட்டுச் சமநிலைப் பயிற்சிகளை 3 நாள்களேனும் செய்ய வேண்டும்.

உடற்பயிற்சிக் கூடத்திற்குக் கட்டணம் செலுத்த இயலாத மாணவனும், ஆடுகளம் செல்லும் வாய்ப்பு அமையாத மாணவியும், தெருவின் நெரிசலில் நடக்க அஞ்சும் முதியவரும் இதனை எங்ஙனம் நிறைவேற்றுவது? வீட்டிலேயே, கருவி ஏதுமின்றிப் பயிற்சி தரும் கைப்பேசிச் செயலிகள் இவ்வினாவிற்கு விடையாக வந்துள்ளன. 2020-ஆம் ஆண்டின் கொரோனா முடக்கத்தின்போது அவை பல இல்லங்களில் நுழைந்தன. ஆயினும், குவிந்து கிடக்கும் அவற்றுள் எதனைத் தேர்வது என்பதில்தான் நம்மவர் இடறுகின்றனர். பெரிதாக வாக்களிக்கும் செயலியைக் காட்டிலும், நம்மிடம் குறைவாகக் கேட்டு, நாம் நிற்கும் படியிலிருந்தே நம்மைத் தொடங்கச் செய்யும் செயலியே சிறந்தது என்பது நம் துணிபு.

பழமையின் புதுக்கோலம்

கருவியற்ற பயிற்சி நமக்குப் புதிதன்று. தண்டாலும் பஸ்கியும் உடலின் எடையையே சுமையாகக் கொண்டவை. 1910-இல் இலண்டன் சென்று மேனாட்டு மல்லர்களை எதிர்கொண்ட காமா பயில்வானின் உடற்கட்டிற்கு இவ்விரண்டுமே அடித்தளமாயின. 1950களில் கனடா நாட்டு விமானப்படையினர், பயிற்சிக்கூட வசதியற்ற தொலைதூரத் தளங்களில் பணியாற்றிய வீரர்களுக்கென 5 பயிற்சிகளைக் கொண்ட, நாளொன்றுக்கு 11 நிமிடமே வேண்டும் திட்டமொன்றை வகுத்தனர். பெண்களுக்கு 10 பயிற்சிகள் கொண்ட 12 நிமிடத் திட்டமும் உருவாயிற்று. எளியதில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேற்படி ஏறுவதே அதன் சிறப்பு. சிறு கையேடு ஒன்றே அதற்குப் போதுமானதாயிருந்தது. நல்ல செயலி அக்கையேட்டின் வழித்தோன்றலே.

தேர்வுக்குரிய அளவுகோல்கள்

முதலாவது, படிநிலை. தண்டால் ஒன்றுகூட எடுக்க இயலாதவரைச் சுவரில் கையூன்றித் தொடங்கச் செய்து, பின் மேசை விளிம்பு, அதன்பின் தரை என அழைத்துச் செல்லும் செயலியே ஆசான் எனத்தகும். எடுத்த எடுப்பிலேயே இருபது எடுக்கச் சொல்வது ஆசானாகாது. நாமறிந்த மாணவி ஒருவர், ‘முப்பதே நாளில் மெல்லிடை’ என்ற விளம்பரத்தை நம்பிப் பதிவிறக்கிய செயலியொன்றின் சொற்படி மொட்டைமாடிச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலுடன் நாள்தோறும் குதித்தார். ஒன்பதாம் நாள் முழங்கால் வீங்கிற்று. அன்று விட்ட பயிற்சியை அவர் மீண்டும் தொடவேயில்லை. முழங்கால் சில வாரங்களில் தேறிவிட்டது. ‘உடற்பயிற்சி நமக்கு ஒத்துவராது’ என்று அவர் உள்ளத்தில் படிந்த எண்ணமோ இன்றுவரை தேறவில்லை. பிழையான தேர்வின் உண்மையான இழப்பு இதுவே.

இரண்டாவது, விளம்பரத்தை எண்ணிக்கை கொண்டு அளத்தல். ‘ஏழு நிமிடம் போதும்’ என்னும் முழக்கம் 2013-இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகத்தின் இதழொன்றில் வந்த கட்டுரையிலிருந்து பரவியது. 12 பயிற்சிகள், ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி, இடையில் 10 விநாடி ஓய்வு என்பது அதன் அமைப்பு. அதற்கும் சுவரும் நாற்காலியும் வேண்டும். அச்சுற்றை இரண்டு மூன்று முறை செய்யலாம் என்று அக்கட்டுரையே கூறுவதை விளம்பரங்கள் சொல்வதில்லை. நாள்தோறும் ஒரு சுற்று செய்தாலும் வாரத்திற்கு ஏறத்தாழ 50 நிமிடமே ஆகும். எனவே அதனைத் தொடக்கமெனக் கொள்ளலாம், முழுமையெனக் கொள்ளலாகாது. தள்ளும் தசைகளுக்குத் தண்டால் உண்டு. இழுக்கும் தசைகளுக்குக் கருவியின்றிப் பயிற்சி அரிது. நடையும் வீட்டுவேலையும் உடன் சேரவேண்டும்.

மூன்றாவது, பணம். ‘ஏழு நாள் இலவசம்’ என்று அழைத்து, வங்கி விவரங்களைப் பெற்று, எட்டாம் நாள் முழு ஆண்டிற்கும் தொகையை எடுத்துக்கொள்வன உள. கட்டண அட்டையின் எண்ணைக் கேளாமலே பயிற்சியைத் தொடங்கவிடும் செயலியை முதலில் நாடுக. நடுவணரசு 2021 ஆகஸ்டு 29-இல் ‘ஃபிட் இந்தியா’ செயலியைக் கட்டணமின்றி வெளியிட்டது. வயதிற்கேற்ப நம் உடற்தகுதியை அளந்தறியும் சோதனைகள் அதில் உள. தொடங்குமுன் நம் நிலையை அறிவது நன்றன்றோ?

நான்காவது, மறைவு. உடலின் படத்தையும், இருக்குமிடத்தையும், தொடர்பு எண்களையும் பயிற்சிச் செயலி ஏன் கேட்க வேண்டும்? 2018-இல் ‘ஸ்ட்ராவா’ என்னும் செயலியின் உலக வரைபடத்தில், படைவீரர்கள் ஓடிய தடங்களின் வழியே இராணுவத் தளங்கள் வெளிப்பட்டதை உலகறியும். படைத்தளமே வெளிப்பட்டதெனில் நம் இல்லத்துப் பெண்டிரின் படங்கட்கு என்ன காப்பு? ஒளிப்படக் கருவிக்கும் இருப்பிடத்திற்கும் இசைவு தராமலே இயங்கும் செயலியே நமக்கு உகந்தது.

இதய நோய், நீரிழிவு, இரத்த அழுத்தம் உடையோரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ தோன்றின், செயலி எண்ணிக்கொண்டிருப்பினும் நாம் நிறுத்திவிட வேண்டும்.

பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள்

‘கருவி வேண்டா’ என்னும் சொல்லில் ஒரு குறையுண்டு. பாயளவு இடமும், அரைமணி நேரமும், தாழிட்ட ஓர் அறையும் வேண்டும். வைகறைத் தொழுகைக்கும் கல்லூரிப் பேருந்துக்கும் இடைப்பட்ட பொழுதில் மகன் தண்டால் எடுத்தால் மகிழும் நாம், மகள் பாய் விரித்தால் அடுக்களைக்கு அழைக்கிறோம். எந்தச் செயலியும் இக்குறையைத் தீர்க்காது. அந்த அரைமணியை வீட்டார்தாம் வழங்க வேண்டும். அவளுடன் தாயும் பாட்டியும் நாற்காலியைப் பற்றியபடி எழுந்தமரும் பயிற்சியைச் செய்வராயின் அதனினும் சிறப்புண்டோ?

நல்லாசிரியர், தாம் இன்றியும் மாணவர் கற்கும் நிலையை உருவாக்குவார். அதுபோலவே, மூன்று திங்கள் பழகியபின் கைப்பேசியை அணைத்துவிட்டும் நாமே பயிற்சி செய்யும் திறனைத் தருவதே நல்ல செயலி. அத்தகையதைத் தேர்வோம், உடலோம்பி, கல்வி சிறக்க வாழ்வோமாக.