எகிப்து என்ன எமலோகமா?

போன செவ்வாய்க்கிழமை கண்டி நகரில் ஒரு பயண முகவர் நிலையத்துக்குப் போனேன். என் மனைவிக்கும் எனக்கும் ஜனவரியில் எகிப்து போய்வர எவ்வளவு செலவாகும் என்று கேட்பதற்காக. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பி 'எகிப்து' என்ற சொல்லைக் கேட்டதும் கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டார். "ஆப்பிரிக்காவா ஐயா? இந்த வயசுல அம்மாவையும் கூட்டிக்கிட்டு அங்க ஏன்? மஞ்சள் காய்ச்சல் ஊசி போடணும். மலேரியா வேற. ஆளக் கடத்திட்டா யார் பொறுப்பு? பேசாம சிங்கப்பூர் மலேசியா ஏழு நாள் போட்டுத் தர்றேன், போய்ட்டு வாங்க."

பயணம் விற்றுப் பிழைக்கும் ஒருவர், பயணம் போக வந்தவனைப் பயமுறுத்தி அனுப்புகிறார். வயிறு எரிய எரிய திகன பஸ் ஏறிப் பல்லேகல வந்து இறங்கினேன். அன்று இரவே ஹட்டனிலிருந்து தங்கச்சி தொலைபேசியில்: "அண்ணே, ஒங்களுக்கு என்ன கிறுக்கா? திருப்பதிக்குப் போங்களேன்." பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர், கோயிலில் கண்டவர் எல்லாருக்கும் வாயில் ஒரே பாட்டு. ஆப்பிரிக்கா ஆபத்து, ஆப்பிரிக்கா நோய், ஆப்பிரிக்கா மணல், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் கேட்கிறவர்களை ஹல்லொலுவ வீதிக்கு அழைத்துப் போக வேண்டும். கண்டியிலேயே இருக்கிறது அந்த வீதி. அதில் ஒரு வீடு. ஒராபி பாஷா குடியிருந்த வீடு. 'எகிப்து எகிப்தியருக்கே' என்று எழுந்த படையின் தலைவர் அவர். 1882 ஜூலையில் பிரித்தானியக் கப்பல்கள் அலெக்சாந்திரியாவைக் குண்டுபோட்டுச் சிதைத்தன. செப்டம்பரில் தெல் எல்-கெபீரில் அவருடைய படை தோற்றது. மரண தண்டனை விதித்து, பிறகு அதை நாடுகடத்தலாகக் குறைத்து, மற்றப் பாஷாக்களோடு அவரைக் கப்பலேற்றினார்கள். 1883 ஜனவரியில் அந்தக் கப்பல் வந்து நின்ற இடம் கொழும்புத் துறைமுகம். பதினெட்டு ஆண்டுகள் இந்தத் தீவில் இருந்தார். அதில் பிற்பகுதி முழுக்கக் கண்டியில். 1901இல்தான் ஊர் திரும்பினார். அந்த வீடு 1983இலிருந்து அருங்காட்சியகம்.

கண்டிக்காரர்களில் எத்தனை பேர் அந்த வாசற்படியை மிதித்திருப்பார்கள்? தலதா மாளிகைக்கு வரும் வெளியூர் உறவினருக்கு வாவியைக் காட்டுகிறோம், பேராதனைப் பூங்காவைக் காட்டுகிறோம், எங்கள் பல்லேகல கிரிக்கெட் மைதானத்தைக்கூடக் காட்டுகிறோம். எகிப்தின் வரலாற்றைத் திருப்பிப்போட்ட மனிதர் நம்முடைய மழையில் நனைந்து, நம்முடைய சந்தையில் காய்கறி வாங்கிய ஊர் இது என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. நம் தீவுக்குள் பதினெட்டு ஆண்டு இருந்தவரை விட்டுவிட்டு, 'அவர்கள் யார்?' என்று கேட்கிறோம். இது அறியாமைகூட இல்லை, நன்றி கெட்டதனம். கொழும்பு ஸாஹிராக் கல்லூரி 1892இல் தொடங்கியதற்குப் பின்னால் நின்றவர்களில் ஒராபியும் ஒருவர். அங்கே படித்து ஆளானவர்களின் பேரப்பிள்ளைகளும் எகிப்து என்றால் பயப்படுகிறார்கள்.

அவரோடு வந்த இன்னொருவர் மஹ்மூத் சாமி அல்-பாரூதி, நவீன அரபுக் கவிதையின் முன்னோடிகளில் ஒருவர். இந்தத் தீவில் இருந்துகொண்டு, இதை 'சரந்தீப்' என்று பெயர் சொல்லிப் பாடியிருக்கிறார். கெய்ரோவில் அரபுக் கவிதை படிக்கும் மாணவருக்குச் சரந்தீப் தெரியும். கண்டியில் பட்டப்படிப்பு முடித்தவருக்குப் பாரூதியைத் தெரியாது.

தமிழ் நாவல் என்று பேசும் பெரியவர்களையும் கேட்கிறேன். இலங்கையின் முதல் தமிழ் நாவல் எது? 1885இல் வெளிவந்த 'அசன்பே சரித்திரம்'. எழுதியவர் சித்திலெப்பை, கண்டியில் பிறந்த வழக்கறிஞர், 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை நடத்தியவர். கதாநாயகன் எங்கே பிறக்கிறான்? எகிப்தில். மிசிறு தேசத்துப் பெரிய குடும்பத்துக் குழந்தை, கடத்தப்பட்டு பம்பாய்க்கு வந்து சேர்கிறது. ஈழத்துத் தமிழ் உரைநடை கதை சொல்ல முதல் அடி எடுத்துவைத்தபோதே எகிப்தில்தான் கால் பதித்தது. அந்தப் புத்தகத்தை மனப்பாடம் செய்து பரீட்சையில் மதிப்பெண் வாங்குகிறோம். அந்த மண்ணைப் பார்க்கப் போகிறேன் என்றால் கிறுக்கு என்கிறோம்.

இனி நோய்க்கு வருகிறேன். ஏனென்றால் அந்தத் தம்பி அதைத்தான் முதலில் எடுத்து வீசினார். ஆப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகள் சகாராவுக்குத் தெற்கே இருக்கின்றன. எகிப்து, லிபியா, துனீசியா, அல்ஜீரியா, மொரோக்கோ ஐந்திலும் அந்நோய் இல்லை. மலேரியா? மொரோக்கோவில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் சான்று கொடுத்தது. அல்ஜீரியாவுக்கு 2019இல், எகிப்துக்கு 2024 அக்டோபரில். நமக்குக் கிடைத்தது 2016இல். மொரோக்கோ நம்மை விட ஆறு வருடம் மூத்தது. இங்கே மழை விட்டால் போதும், நுளம்பு கிளம்பிவிடுகிறது. எங்கள் ஒழுங்கையில் மூன்றாம் வீட்டுப் பிள்ளை போன மாதம்தான் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பியது. அந்த வீட்டுக்காரர்தான் என்னிடம் ஆப்பிரிக்கக் காய்ச்சலைப் பற்றிப் பாடம் எடுத்தவர்.

மணலாம். மொரோக்கோவின் அட்லஸ் மலையில் தூப்கால் சிகரம் 4,167 மீட்டர். நம்முடைய பிதுருதலாகலை 2,524 மீட்டர். குளிர்காலத்தில் அங்கே பனி மூடிக் கிடக்கும். எகிப்திலும் ஜனவரி மாத இரவுக்குக் கம்பளிச் சட்டை வேண்டும். நுவரெலியாவுக்கு வாங்கிய சட்டையே போதும் என்று மனைவி எடுத்து வெயிலில் காயப்போட்டுவிட்டாள்.

ஆபத்து என்ற சொல்லை நம் ஊர்க்காரர்கள் எந்த வாயால் சொல்கிறார்கள்? 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் திகன எரிந்தது. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் சில நிமிடத் தூரம். கடைகள், வீடுகள், பள்ளிவாசல்கள் எரிந்த புகையை நான் என் வாசலில் நின்று பார்த்தேன். நாடு முழுக்க அவசரகால நிலை போட்டார்கள். அடுத்த ஆண்டு ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகள். அதற்குப் பிறகு பிரித்தானியா தன் மக்களுக்குச் சொன்னது: அவசியம் இல்லாமல் இலங்கைக்குப் போகாதீர்கள். கண்டி வாவிக் கரையில் ஓட்டோவை நிறுத்திவிட்டு நாள் முழுக்க ஒரு சவாரிகூட இல்லாமல் குந்தியிருந்த பையன்களை மறந்துவிட்டோமா? 'எங்கள் நாடு நல்ல நாடு, வந்து பாருங்கள், எங்கேயோ நடந்ததற்கு எங்களை ஏன் தண்டிக்கிறீர்கள்' என்று அன்று நாம்தான் உலகத்திடம் மன்றாடினோம். அதே நாம், லிபியாவில் சண்டை என்று கேள்விப்பட்டு எகிப்துக்கும் மொரோக்கோவுக்கும் சேர்த்துப் பூட்டுப் போடுகிறோம். கெய்ரோவில் கடை வைத்திருப்பவன் மனிதன் இல்லையா? அவன் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகவில்லையா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நம்முடைய தோட்டங்களிலிருந்து பெண்பிள்ளைகளை குவைத்துக்கும் சவூதிக்கும் ஜோர்தானுக்கும் வீட்டு வேலைக்கு ஏற்றி அனுப்பினோம், இன்றும் அனுப்புகிறோம். முன்பின் தெரியாத வீட்டில், கடவுச்சீட்டை எசமான் பெட்டியில் பூட்டிவைக்க, இரண்டு வருடம் கதவுக்குள்ளே. அப்போது எந்தப் பெரியவரும் 'ஆபத்து' என்று விமான நிலையத்தில் குறுக்கே விழவில்லை. பாடுபட்டுச் சம்பாதிக்கப் போனால் பாதுகாப்பு, ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்துப் பார்த்துவரப் போனால் ஆபத்து. கூலிக்குப் போகலாம், கண்ணாரக் காணப் போகக்கூடாது. மலையகத்தானுக்கு இந்த வேலியைப் போட்டவர்கள் வெளியார். அதைக் கட்டிக் காப்பவர்கள் நாமே.

என் தகப்பனாருக்கு வாழ்நாள் முழுக்கக் கடவுச்சீட்டு கிடையாது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அவரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர் ஆக்கியது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. ஐந்தே கால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று எங்களைப் பங்கு போட்டார்கள். அரசாங்கம் எங்கள் சனத்துக்கு ஒழுங்குசெய்து கொடுத்த ஒரே வெளிநாட்டுப் பயணம் அதுதான். தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். அப்பாவின் தம்பி அதில் ஏறிப் போனார். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவருடைய விரல்களை அப்பா ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டுக் கையை எடுத்ததை, எட்டு வயதுப் பையனாகப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பிறகு அவர்கள் ஒருவரையொருவர் காணவே இல்லை. அந்த அப்பாவின் மகன் கையில் இன்று கடவுச்சீட்டு இருக்கிறது. அதைச் சிங்கப்பூர்க் கடைத்தெருவில் துணி வாங்க மட்டும் பயன்படுத்து என்று எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்.

என் அம்மா கொழுந்து பறித்தவள். கூடைக் கயிறு உச்சந்தலையில் பதிந்து, அந்த இடத்தில் முடி உதிர்ந்து வழுக்கையாகிப் போனவள். அவளைப் போன்றவர்கள் பறித்த தேயிலையை இன்றும் அதிகம் வாங்குகிற நாடுகளில் லிபியா ஒன்று. திரிப்போலியில் ஒருவர் காலையில் கண் விழித்து முதலில் குடிப்பது எங்கள் மலையின் சாயம். நம் கைபட்டது அங்கே போகலாம், நாம் போகக்கூடாதாம்.

இது நேற்றைய தொடர்பும் இல்லை. எகிப்தின் செங்கடல் கரையில் பெரனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது ஒரு பெரிய சாடி நிறைய மிளகு கிடைத்தது, ஏழரைக் கிலோ அளவு. அதே கரையில் குசேர் அல்-காதிம் என்ற இடத்தில் ஒரு பானை ஓட்டில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பானை ஒறி' என்று இருந்ததை ஐராவதம் மகாதேவன் படித்தார். உறி! எங்கள் லயத்துக் காம்பராவில், எலிக்கு எட்டாமல் மோர்ச் சட்டியும் கருவாடும் வைத்துப் பாட்டி கட்டித் தொங்கவிட்டாளே, அதே உறி. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒரு தமிழன் அந்தப் பாலைவனக் கரையில் உட்கார்ந்து தன் வீட்டுச் சாமானின் பெயரைத் தன் எழுத்தில் எழுதியிருக்கிறான். காற்றை நம்பிப் பாய்க்கப்பலில் போனவன் அவன். விமானத்தில் டோஹாவிலோ டுபாயிலோ மாறி ஏறினால் ஒரே நாளில் போய்விடும் நாம் நடுங்குகிறோம்.

அந்தப் பக்கத்திலிருந்து வந்தவரும் நடுங்கவில்லை. மொரோக்கோவின் தஞ்சியரில் பிறந்த இபுன் பதூதா 1344இல் இங்கே வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். சிவனொளிபாதமலையைக் காண வேண்டும் என்றார். அரசன் பல்லக்கும் துணைக்கு ஆட்களும் கொடுத்து அனுப்பினான். 'அந்நியன், ஆபத்து, திரும்பிப் போ' என்று அந்தத் தமிழரசன் சொல்லவில்லை.

முப்பத்திரண்டு வருடம் சமூகக் கல்வி படிப்பித்தேன். நைல் நதி நாகரிகத்தை ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் வரைந்தேன். பிரமிட்டுக்கு மூன்று கோடு, நைலுக்கு ஒரு நெளிகோடு. பிள்ளைகள் அதைப் பார்த்து வரைந்தார்கள். "சேர், நீங்க போயிருக்கீங்களா?" என்று ஒரு பிள்ளை கேட்டபோது வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அது சிரிக்கிற கேள்வியே இல்லை. ஆசிரியர்கள் சேர்ந்து வருடா வருடம் சீட்டுப் பிடித்துப் பணம் சேர்க்கிறோம், நகை வாங்குகிறோம், மண்டபம் பிடித்துப் பிறந்தநாள் கொண்டாடுகிறோம். ஒரு சீட்டுப் பணத்தில் ஒரு ஆசிரியரை எகிப்துக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு வரச் சொன்னால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே கண் திறக்கும்.

வேறொரு முகவரிடம் பணம் கட்டிவிட்டேன். போகுமுன் விசா வேலைகள் இருக்கின்றன, செய்வேன். சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. சோறும் பருப்பும் மக்கரோனியும் கடலையும் கலந்து, மேலே பொரித்த வெங்காயம் தூவித் தரும் கொஷாரி அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. சைவக்காரியான என் மனைவி தாராளமாகச் சாப்பிடலாம். 2025 நவம்பரில் திறந்த பெரிய அருங்காட்சியகத்தில் துட்டன்காமூன் கல்லறைப் பொருட்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. அதற்கு இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறோம்.

முதல் நாள் போகிற இடம் வேறு. கெய்ரோ மெட்ரோ ரயிலின் முதல் பாதையில், சதாத், நாசர் நிலையங்களை அடுத்து வருவது ஒராபி நிலையம். ஹல்லொலுவ வீதியில் குடியிருந்தவரின் பெயர். அங்கே இறங்கி, நாங்கள் கண்டியிலிருந்து வருகிறோம் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும். நாங்கள் திரும்பி வருவதற்குள், கண்டியில் இருப்பவர்களே, ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய்வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.