ஆறு மணி நேரத்தின் விலை

சேலையூரில் எங்கள் தெருவில் மாவு அரைத்து விற்கும் பெண்மணிக்கு ஒரு விடியற்காலையில் திடீரென்று தலைவலி. பின்னந்தலையில் யாரோ கட்டையால் அடித்ததுபோல் இருந்ததாம். அருகிலிருந்த தனியார் சிகிச்சையகத்தில் ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டார்கள். “வேண்டுமானால் ஸ்கேன் எடுக்கலாம், செலவாகும்” என்றார்கள். வீடு திரும்பிவிட்டார். மறுநாள் கழுத்து விறைத்து, வாந்தி எடுத்த பிறகே மூளை உறைக்கு அடியில் ரத்தக்கசிவு என்பது தெரிந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால், கடைக் கணக்கு இப்போது மகளிடம் இருக்கிறது; எண்கள் அவர் நினைவில் நிற்பதில்லை.

நான் மருத்துவன் அல்லன், பொருளாதாரம் கற்பித்தவன். அந்த “வேண்டுமானால்” என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. மருத்துவச் சேவையை வாங்குபவருக்குத் தனக்கு எது தேவை என்பது தெரியாது என்பதைக் கென்னத் அரோ 1963இலேயே விளக்கினார். இங்கோ, முடிவெடுக்கும் சுமை எதுவும் அறியாதவர் தலையில் வைக்கப்பட்டது.

இந்நோயில் காலமே மூலதனம். கனடாவின் 11 மருத்துவமனைகளில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், வலி தொடங்கிய 6 மணி நேரத்துக்குள் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டவர்கள் 953 பேர். அவர்களில் ரத்தக்கசிவு இருந்த 121 பேருமே அதில் கண்டறியப்பட்டனர். நேரம் கடந்தால் ஸ்கேன் தவறவிடக்கூடும்; முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுத்துப் பார்க்க நேரிடும். பிரசவித்த பெண்களுக்கு மூளைச் சிரைகளில் ரத்தம் உறைந்தும் இத்தகைய வலி வரலாம். சாதாரண ஸ்கேனில் அது புலப்படாமலும் போகலாம்.

தலைவலி என்று வருவோர் அனைவருக்கும் ஸ்கேன் எடுத்தால் அரசு தாங்குமா? தாங்காது, தேவையும் இல்லை. பெரும்பாலான தலைவலிகள் ஆபத்தற்றவை. “வலி உச்சத்தைத் தொட எவ்வளவு நேரமானது?” என்று கேட்பதற்குச் செலவில்லை. ஒரு நிமிடத்துக்குள் என்றால், தாமதமின்றி ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும்.

2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றித் தருகிறது. நல்ல திட்டம். பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையில் லாரி மோதி விழுந்தவருக்கு அது உண்டு. அதே சாலையோரம் மூளையின் ரத்தக்குழாய் வெடித்து விழுந்தவருக்கு இல்லை. 48 மணி நேரம்கூட வேண்டாம். முதல் 6 மணி நேரத்தின் ஸ்கேன் கட்டணத்தை மட்டும் அரசு ஏற்கட்டும். தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி பகுதிகளில் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.