பொன்னாடையும் வினாக்களும்

போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்தல் வரை ஆறு நிலைகளாக வகுத்துரைக்கிறது. மாண்டவனைப் போற்றுவதில் இத்துணை நுட்பம் காட்டிய நாம், களத்திலிருந்து மீண்டு முதுமை எய்திய வீரரை எவ்வாறு மதிக்கிறோம்? எண்பதாம் அகவையில் சதாபிஷேகம். தொண்ணூறில் ஒரு பாராட்டுக் கூட்டம், ஒரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு. மேடையில் அனைவரும் பேசுவர். விழா நாயகர் மட்டும் வாய் திறவாது அமர்ந்திருப்பார். வாழ்த்துரைகள் நீண்டமையால் ஏற்புரைக்கு நேரமின்றி முடிந்த விழாக்களை மயிலாப்பூர் அரங்குகளில் நானும் கண்டதுண்டு. இம்முறை மாற வேண்டும் என்பதே என் கருத்து.

கேப்டன் இலட்சுமியின் வாழ்வை நோக்குவோம். அவர் 1914 அக்டோபர் 24 அன்று சென்னையில் பிறந்தார். அதற்கு ஒரு திங்களுக்கு முன்னர்தான் எம்டன் கப்பல் இந்நகர்மீது குண்டுமழை பொழிந்திருந்தது. மயிலாப்பூர்க் கடற்கரையில் அவர் பயின்ற இராணி மேரி கல்லூரியும் அதே ஆண்டில் தோன்றியதே. 1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1940இல் சிங்கப்பூர் சென்றார். 1943இல் நேதாஜி அமைத்த ஜான்சிராணி படையின் தலைமையை ஏற்றார். பின்னர்க் கர்னல் நிலைக்கு உயர்ந்தபோதும் மக்கள் நாவில் அவர் கேப்டனாகவே நிலைத்துவிட்டார்.

போருக்குப் பின் கான்பூரில் மருத்துவப் பணி. 1998இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 2002இல், 87 வயதில், குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டார். தொண்ணூறைக் கடந்த பின்னும் நோயாளிகளைப் பார்த்து வந்தார். நூற்றாண்டுக்கு ஈராண்டுகள் எஞ்சியிருக்க, 2012 ஜூலை 23 அன்று மறைந்தார். அவர்தம் உடலும் மருத்துவக் கல்விக்கே வழங்கப்பெற்றது.

அவரது போர்க்கால வாழ்வை நாம் விரிவாக அறிவதற்குக் காரணம் விருதுகளோ விழாக்களோ அல்ல. பீட்டர் ஃபே என்னும் அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியர், இலட்சுமியிடமும் அவர் கணவர் பிரேம் சேகலிடமும் பொறுமையுடன் கேட்டறிந்து, 1993இல் இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். இலட்சுமியின் தன்வரலாறும் 1997இல் நூலாயிற்று. ஆயினும் அவருடைய படையில் சேர்ந்தோருள் பலர் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழ்ப் பெண்கள். ஜானகி ஆதி நாகப்பன், இராசம்மா பூபாலன் போன்ற சிலரின் பெயர்களையே நாம் அறிவோம். ஏனையோருள் பலரை நாடி எவரும் வினவவில்லை. அவர்கள் கண்ட பர்மாக் காடுகளும் பின்வாங்கிய நாள்களின் பசியும் அவர்களோடே மறைந்தன.

1965ஆம் ஆண்டுப் போரில் இருபது வயதில் களம் புகுந்தவருக்கு 2025இல் அகவை எண்பது. அத்தகையோர் அடையாற்றிலும் தியாகராய நகரிலும் மாலை வேளையில் நடைப்பயிற்சி செய்கின்றனர். நியாயவிலைக் கடை வரிசையிலும் நிற்கின்றனர். பிறந்தநாளன்று பொன்னாடையுடன் அவர்தம் இல்லத்திற்குச் செல்லும் மாணவர், ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லலாம். வெற்றிகளைப் பற்றி மட்டும் கேட்டல் போதாது. உடன் நின்ற தோழர் யார், வீட்டிலிருந்து கடிதம் வர எத்தனை நாளாயிற்று, அச்சம் தோன்றியது எப்போது என்றும் கேட்கலாம். விடை உடனே வாராது. முதியோர் நினைவு மெல்லவே திரளும். ஒரு மாலைப்பொழுது போதாதெனின், மறுவாரமும் செல்லலாம்.