சரவிளக்கில் தொங்கியவன்

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ல் அமெரிக்காவில் பிறந்தது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் பாத்திரங்களாகிப் பகடை உருட்டும் ஆட்டம். 2014 பதிப்பில் ஆட்டக்காரர் புத்தகம் மட்டுமே 300 பக்கத்துக்கு மேல்.

எங்கள் ஞாயிறு கோஷ்டிக்கு நான்தான் கதைசொல்லி. ஒரு நாள் நண்பன், "சரவிளக்கைப் பிடிச்சு ஊஞ்சலாடி பூதத்தின் தலையில் குதிக்கிறேன்" என்றான். பிரமாதமான ஸீன்! "ஒரு நிமிஷம் இருடா" என்று புத்தகத்தைப் புரட்டினேன். விதி கிடைக்க இருபது நிமிஷம். அதுவரை பாவம், அந்தரத்தில் தொங்கினான். நிமிர்ந்தால், செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். "அடுத்த வாரம் என்னை எதிர்பார்க்காதே."

பயந்துபோய் 2012-ல் வந்த 'டன்ஜன் வேர்ல்டு'க்கு மாறினேன். சாதாரண லூடோ பகடை இரண்டு. பாத்திரத்தின் திறமைக்கு ஓர் எண் கூட்டல். 10-ம் மேலும் ஜெயம். 7 முதல் 9 வரை ஜெயம்தான், கூடவே ஒரு வில்லங்கம். 6-ம் கீழும் வந்தால் கதைசொல்லி ராஜ்யம்.

கெஞ்சிக் கூட்டிவந்தேன். அதே சரவிளக்கு. 8 விழுந்தது. பூதம் காலி, விளக்கு திரைச்சீலையில் விழுந்து அரண்மனை பற்றிக்கொண்டது!

நுணுக்கமாகக் கணக்குப் போட்டுச் சண்டை போடுகிறவர்களுக்குப் பழைய ஆட்டம்தான் சரி. எங்களுக்கு இது போதும். அன்று ராத்திரி பதினோரு மணி வரை யாரும் செருப்பைத் தேடவில்லை.