துல்லியம் எதில்?



சில ஆண்டுகளாக நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவகைக் காணொளி சுற்றி வருகிறது. கறுப்பு வெள்ளைத் திரை. நடுவே ஒரு குறி. கீழே வெண்புள்ளிகளாய் அசையும் உருவங்கள். பின்னர் ஒரு வெடிப்பு. ஆயுதம் துருக்கியுடையது என்றோ ஈரானுடையது என்றோ தெரிந்துவிட்டால் "மாஷா அல்லாஹ்" என்று எழுதி அனுப்புகிறார்கள். அமெரிக்காவும் இஸ்ரேலும் இதையே செய்தால் கொலை என்கிறோம். கொலைதான், அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இவ்வாயுதம் தன் இலக்கைத் தேடிக் கண்டடையும் முறையை அறிந்த ஒரு முஸ்லிம், அது எவர் கையில் இருந்தாலும் எப்படிக் கைதட்ட முடியும்?

அம்முறையைச் சற்று விளக்குவோம். அமெரிக்காவின் ரீப்பர் எனும் ஆளில்லா விமானத்தை இயக்குவோர் நெவாடா மாநிலத்தின் கிரீச் படைத்தளம் போன்ற இடங்களில் திரையின் முன் அமர்ந்திருக்கிறார்கள். விமானத்தின் கேமரா காண்பது செயற்கைக்கோள் வழியே அவர்களிடம் வந்து சேர்கிறது. பகலில் உருவம் தெரியும். இரவில் உடலின் வெப்பம் தெரியும். ஒருவர் விமானத்தைச் செலுத்துவார். மற்றவர் கேமராவையும் லேசர் கதிரையும் கையாள்வார். அக்கதிர் பட்ட இடத்திலிருந்து தெறிக்கும் ஒளியை நாடியே ஹெல்ஃபயர் ஏவுகணை இறங்குகிறது. காட்டப்பட்ட இடத்தை அது தவறவிடுவது அரிது. இதைத்தான் 'துல்லியம்' என்று விற்பனை செய்கிறார்கள். காட்டப்பட்ட இடத்தில் இருப்பவர் யார் என்ற கேள்விக்கும் இத்துல்லியத்திற்கும் எத்தொடர்பும் இல்லை.

அந்த இடத்தைக் காட்டிக் கொடுப்பது எது? பல வேளைகளில் ஒரு சிம் அட்டை. யார் யாரை எத்தனை முறை அழைத்தார் என்ற பதிவு. மேலிருந்து மணிக்கணக்கில் கவனித்த நடமாட்டம். என்ன பேசினார்கள் என்பதுகூட வேண்டியதில்லை. இத்தகைய அழைப்புப் பதிவுகளைக் கொண்டே மனிதர்களைக் கொல்கிறோம் என்று சி.ஐ.ஏ.வின் முன்னாள் இயக்குநர் மைக்கேல் ஹேடன் 2014இல் பொதுமேடையிலேயே கூறினார். பாகிஸ்தானின் வஜீரிஸ்தானில், பெயர்கூடத் தெரியாதவர்களை நடத்தையின் சாயலை மட்டும் வைத்துக் கொன்றார்கள். சிம் அட்டை கைமாறும் பொருள் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

காபூலில் நடந்ததைக் கவனியுங்கள். 2021 ஆகஸ்ட் 29. மூன்று நாள்களுக்கு முன்னர் விமான நிலைய வாயிலில் குண்டுவெடித்து அமெரிக்கப் படையினர் 13 பேரும் பெருந்தொகையான ஆப்கானியரும் மாண்டிருந்தனர். அடுத்த தாக்குதலுக்கு வெள்ளை நிற டொயோட்டா கொரோலா ஒன்று வரும் என்பது உளவுத் தகவல். காபூல் வீதிகளில் அந்த வண்டிக்கா பஞ்சம்? அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த ஒருவர் அத்தகைய காரில் அன்று அலுவலகம் சென்றார். சக ஊழியர்களை ஏற்றி இறக்கினார். வீட்டுக்காகத் தண்ணீர்க் கேன்களை நிரப்பி ஏற்றினார். ஏறத்தாழ எட்டு மணி நேரம் அவரை வானிலிருந்து பின்தொடர்ந்தவர்களின் கண்ணுக்குத் தண்ணீர் வெடிமருந்தாயிற்று. மாலையில் அவர் வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தும் வேளையில் ஏவுகணை இறங்கியது. பத்துப் பேர் மாண்டனர். அவர்களில் எழுவர் குழந்தைகள்.

ஏவுகணை தன் இலக்கைத் தவறவிடவில்லை. கார்மீதே விழுந்தது.

இது நேர்மையான தாக்குதல் என்று அமெரிக்கத் தலைமைத் தளபதி முதலில் கூறினார். பத்திரிகைகள் உண்மையை வெளிக்கொணர்ந்த பின், செப்டம்பர் 17 அன்று தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். ஏவுவதற்கு இரண்டு நிமிடங்களுக்கு முன் ஒரு குழந்தை திரையில் தெரிந்ததாகப் பின்னர் நடந்த விசாரணை கூறியது. எனினும் சட்டம் மீறப்படவில்லை என்பதே அதன் முடிவு. அவ்வாண்டு டிசம்பரில், எவர்மீதும் நடவடிக்கை இல்லை என்று அறிவித்தார்கள்.

நம் மதரஸா மாணவன் முதல் ஆண்டுகளிலேயே 'யகீன்', 'ழன்' என்ற இரண்டையும் பிரித்தறியக் கற்கிறான்: உறுதியான அறிவு ஒன்று, எண்ணம் மற்றொன்று. ஐயம் எழுந்தால் ஹத்துத் தண்டனை விலகிவிடும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. குற்றம் சாட்டப்பட்டவன் நீதிபதியின் முன்னால் நிற்கும்போதே இந்த எச்சரிக்கை! செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள் என்ற பொருளில் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் இறங்கியது. போர்க்களத்தில் கலிமா மொழிந்தவனை, உயிருக்கு அஞ்சிச் சொன்னான் என்று கருதி உஸாமா (ரலி) அவர்கள் கொன்றபோது, அவனுடைய உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். எதிரே நின்றவனின் முகத்தைப் பார்த்துச் செய்த ஊகத்துக்கே அக்கண்டனம் என்றால், வெப்பப் புள்ளியைப் பார்த்துச் செய்யும் ஊகத்தை என்னென்பது?

"அது காஃபிர்களின் தவறு, நம் கையில் வந்தால் நீதியோடு பயன்படும்" என்பாருக்கு இரண்டு நிகழ்வுகளைக் காட்டுகிறோம். 2022 ஜனவரி 7 அன்று எத்தியோப்பியாவின் டிக்ரே பகுதியில், டெடெபிட் என்ற ஊரில், வீடிழந்தோர் தங்கியிருந்த பள்ளி வளாகத்தின்மேல் குண்டு விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கிடைத்த சிதறல்கள் துருக்கித் தயாரிப்பு என்று மனித உரிமை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். டிக்ரே மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அதனால்தானோ என்னவோ, நாமறிந்த மிம்பர்கள் எதிலும் இச்செய்தி ஒலிக்கவில்லை.

மற்றொன்று 2023 டிசம்பர் 3, நைஜீரியாவின் கடூனா மாநிலம், துடுன் பிரி கிராமம். மீலாது விழாவுக்குக் கூடியிருந்தவர்கள்மீது அந்நாட்டு இராணுவத்தின் ட்ரோன் குண்டு வீசியது. 85 உடல்கள் அடக்கம் செய்யப்பட்டதாக அரசின் பேரிடர் அமைப்பு தெரிவித்தது. உதவிக்கு ஓடிவந்தவர்கள்மேல் இரண்டாம் குண்டு விழுந்ததாகத் தப்பியவர்கள் கூறினர். கூட்டத்தின் நடமாட்டம் கொள்ளையரின் நடமாட்டத்தை ஒத்திருந்ததாகப் பிழையாகக் கருதிவிட்டோம் என்பது இராணுவத் தளபதியின் விளக்கம். மீலாது கொண்டாடலாமா என்பதில் நமக்குள் வாதம் உண்டு. அது நமக்குள் இருக்கட்டும். ஸலவாத்து ஓதக் கூடியவர்களும் கொள்ளையரும் வானிலிருந்து பார்த்தால் ஒன்றாகவே தெரிகிறார்கள்.

போரில் பிழை நேர்வது இயல்பு என்பது எஞ்சியுள்ள வாதம். ஹிஜ்ரி 8இல் பனூ ஜதீமா குலத்தார், இஸ்லாத்தை ஏற்றோம் என்று சொல்லத் தெரியாமல் "ஸபஃனா" என்றனர். அச்சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டு காலித் (ரலி) அவர்கள் அவர்களில் சிலரைக் கொன்றார்கள். நபி (ஸல்) அவர்கள் கைகளை உயர்த்தி, காலித் செய்ததிலிருந்து தாம் விலகியவர் என்று அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். பின்னர் அலி (ரலி) அவர்களிடம் பொருள் கொடுத்தனுப்பினார்கள். அவர்கள் கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் திய்யத் வழங்கினார்கள். இழந்த பொருள்களுக்கும், நாய் நீர் குடிக்கும் பாத்திரம் வரை, ஈடு அளித்தார்கள் என்று சீரா நூல்கள் பதிவு செய்கின்றன.