சிஸ்டர் சொன்ன எண்

அதிகாலை 4 மணி. பேச்சிப்பாறைப் பக்கம் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஒருவரைக் கட்டுவிரியன் கடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாக வீக்கம் இல்லை, வலியும் இல்லை. அந்தப் பாம்பின் கடி அப்படித்தான் ஆளை ஏமாற்றும். சில மணி நேரத்தில் கண் இமை தானாக இறங்கும். எச்சில் விழுங்க முடியாது. அடுத்தது மூச்சு.

108 ஆம்புலன்சில் வரும் உதவியாளர், 'பாம்புக்கடி, இமை இறங்க ஆரம்பித்திருக்கிறது' என்று வழியிலேயே மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் வாசலுக்கு வரும்போதே விஷமுறிவு மருந்து தயாராக இருக்கும். விபத்து, அவசர சிகிச்சைக்காகத் தமிழக அரசு கொண்டுவந்த திட்டத்தில் இந்த முன்தகவலும் ஓர் அங்கம்.

அதன் பிறகுதான் ஐ.சி.யு. அங்கே சிஸ்டர் ஒரு சின்ன வேலை செய்வார். "ஒரே மூச்சில் ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க பாப்போம்." முதலில் 25 வரை வருகிறது. ஒரு மணி நேரம் கழித்து 20. இதற்குள் காலை ஷிப்ட் மாறுகிறது. புதிதாக வந்த சிஸ்டர் எண்ணச் சொல்கிறார். 14.

பழைய எண்கள் அவர் காதுக்கு வந்திருந்தால் அந்த 14 ஓர் அபாய மணி. மூச்சுத் தசைகள் களைத்துக்கொண்டிருக்கின்றன, வென்டிலேட்டரைத் தயார் செய்ய வேண்டும் என்று பொருள். வராவிட்டால் 14 வெறும் 14தான். மானிட்டர் உதவிக்கு வராது. ஆக்சிஜன் 97 என்றே அது காட்டிக்கொண்டிருக்கும், கடைசிக் கட்டம் வரை.

எண்ணைச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது. கேட்கிறவர் கேட்க வேண்டும். போன தடவை டாக்டரைக் கூப்பிட்டபோது "இதுக்கெல்லாமா கூப்பிடுவீங்க?" என்று திட்டு வாங்கிய சிஸ்டர், இந்தத் தடவை ஐந்து நிமிடம் யோசிப்பார். நோயாளியிடம் அந்த ஐந்து நிமிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1986-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 13 மருத்துவமனைகளின் ஐ.சி.யு.க்களில் 5,030 நோயாளிகளை ஒப்பிட்டது. நோயின் கடுமையை வைத்துக் கணக்கிட்டதில், ஒரு மருத்துவமனையில் 69 பேர் இறந்திருக்க வேண்டும். இறந்தது 41 பேர். இன்னொன்றில் எதிர்பார்த்ததைவிட 58 சதவீதம் அதிக மரணம். பெரிய கல்லூரி மருத்துவமனை என்ற பெயரோ, உயர்சிகிச்சைகளின் அளவோ இதற்குப் பெரிய காரணமில்லை. டாக்டர்களும் நர்ஸ்களும் எப்படிச் சேர்ந்து வேலை செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம் தெரிந்தது.

ஐ.சி.யு. என்ற ஏற்பாடே கூட்டு உழைப்பில் பிறந்ததுதானே! 1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ தாக்கியபோது, மூச்சுவிட முடியாதவர்களுக்குப் போதுமான கருவிகள் இல்லை. சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாகக் கையால் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தார்கள்.

நர்ஸுக்கு 'நிறுத்துங்கள்' என்று சொல்லும் உரிமை கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் காட்டியது. பெரிய ரத்தக் குழாயில் டியூப் போடும்போது கை கழுவுவது உள்ளிட்ட ஐந்து விஷயங்களில் டாக்டர் எதையாவது விட்டால், நர்ஸ் தடுக்கலாம். நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யு.க்கள் இதில் சேர்ந்தன. மூன்றே மாதத்தில் அவற்றில் பாதிக்கு மேற்பட்ட இடங்களில் அந்த டியூப் வழியாக வரும் கிருமித்தொற்று பூஜ்யத்துக்கு இறங்கியது. 2006-ல் வெளியான முடிவு இது. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை.

நர்சிங் படித்த ஒரு பெண்ணாவது இல்லாத சொந்தபந்தத்தைக் குமரி மாவட்டத்தில் தேடத்தான் வேண்டும். வளைகுடா வரை போய்ப் பேர் வாங்கும் அந்தப் பெண்களின் பேச்சுக்கு உள்ளூர் வார்டில் எவ்வளவு மதிப்பு என்பதையும் யோசிக்கலாம். ஐ.சி.யு.வில் வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது நியதி. ஒருவர் நான்கு கட்டிலைப் பார்க்கிற இடத்தில் எண்ணுவதற்கே நேரம் இராது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கும் குடும்பமும் இந்தக் குழுவில் சேர்த்திதான். "அவனுக்கு எப்பிடி இருக்கு மக்ளே?" என்று ஆறு பேர் ஆறு தடவை கேட்டால், சிஸ்டர் ஆறு தடவை கட்டிலை விட்டு வர வேண்டும். வீட்டுக்கு ஒருவர் பேசினால் போதும். அவர் மறைக்காமல் பேச வேண்டும். கடித்தது எத்தனை மணிக்கு, தினமும் என்ன மாத்திரை, வழியில் ஆசானிடம் காட்டி ஏதாவது மருந்து குடித்தாரா... திட்டுவார்களோ என்று பயந்து இந்தக் கடைசி விஷயத்தை முழுங்கிவிடுகிறவர்கள் உண்டு. செத்த பாம்பைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோக வேண்டாம். அது இல்லாமலே சிகிச்சை நடக்கும்.

இன்னொன்று, வீட்டுக்காரிக்குத் தெரிவது சில நேரம் மானிட்டருக்குத் தெரியாது. பார்வை நேரத்தில் உள்ளே போனவர், "குரல் மூக்கால பேசுத மாதிரி இருக்கே சிஸ்டர், காலையில இப்பிடி இல்லியே" என்று சொல்லட்டும். விஷம் தொண்டைத் தசையைத் தொட்டுவிட்டதன் அறிகுறி அது. கேஸ் ஷீட்டில் நேரம் போட்டு எழுதி, உடனே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டிய செய்தி.